பேறுகால இரவும் உடனிருப்போரும்

திருச்சிராப்பள்ளி மலைமீது கோயில் கொண்டுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது பெயர். அப்பெயர் வந்த கதையை நம்முள் பலர் பாட்டிமார் மடியில் அமர்ந்து கேட்டிருப்போம். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண் அவ்வூரில் நிறைமாதச் சூலியாய் இருந்தாள். மகளுக்குப் பேறு பார்ப்பதற்காகக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து தாய் புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரி பெருகிக் கரைபுரண்டது. அக்கரையில் தாய், இக்கரையில் வலியெடுத்துத் துடிக்கும் மகள். இறைவனே தாயின் உருவில் வந்து அருகிருந்து மகப்பேறு பார்த்தான் என்றும், வெள்ளம் வடிந்து மெய்யான தாய் வந்து சேர்ந்தபோது மறைந்தான் என்றும் தலபுராணம் கூறும்.

இக்கதையில் நாம் கவனிக்கவேண்டுவது ஒன்று உண்டு. அப்பெண்ணின் வலியைப் போக்குவதற்காக இறைவன் வரவில்லை. அவளுக்குத் துணையாக ஒருவர் இல்லையே என்னும் குறையை நிறைப்பதற்காகவே வந்தான். பேறுகாலத்தில் ஒரு பெண் தனித்துக் கிடத்தல் ஆகாது என்று நம் முன்னோர் எவ்வளவு ஆழமாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இக்கதை புதிய பொருளோடு விளங்கும். தில்லியில் வாழ்வோர்க்கும் சென்னைக்கும் இடையே உள்ள இருப்புப்பாதை 2,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மும்பை மாதுங்காவில் இருப்போர்க்கும் கொல்கத்தாவில் இருப்போர்க்கும் தொலைவு சற்றே குறையலாம், கவலை குறைவதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். எனினும் வேலை, விடுப்பு, மருத்துவர் கூறும் அறிவுரை ஆகியவற்றால் இருந்த ஊரிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்று பல. அவ்விரவில் அருகிருப்பவர் யார்? இவ்வினாவுக்கு மனித குலம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறது. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் காண விழைகிறோம்.

அதற்குமுன் எம் அனுபவம் ஒன்றைக் கூறிவிடுதல் நன்று. ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. வடநாட்டு நகரம் ஒன்றில் எமக்குத் தலைமகள் பிறந்தாள். குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே வலி கண்டது. செய்தி அறிந்து மாமியார் சென்னையில் வண்டியேறினார். மார்கழி மாதத்துப் பனிமூட்டத்தால் அவ்வண்டி வழியில் பல மணி நேரம் நின்றுவிட்டது. மருத்துவமனையிலோ, இரவில் நோயாளியுடன் பெண்துணை ஒருவர் மட்டுமே தங்கலாம். ஆடவர் ஒன்பது மணிக்குமேல் வார்டில் இருத்தல் கூடாது என்பது விதி. காவலர் எம்மை வாயிலுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அவர்மீது குற்றமில்லை. அவர் தம் கடமையையே செய்தார்.

குழந்தை பிறந்த அந்த முதலிரவில் எம் துணைவிக்குத் தலைசுற்றல் கண்டது. அவர் அறிந்திருந்த இந்தி, காய்கறிக்காரனோடு பேசும் அளவினது. 'தலை சுற்றுகிறது' என்று மும்முறை சொல்லியும் இளஞ்செவிலிக்கு விளங்கவில்லை. தலைவலி என்று எண்ணி மாத்திரை ஒன்றைத் தந்துவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குச் சென்றார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட யாம், ஒரே ஒரு சொல்லை மொழிபெயர்க்கவேண்டிய வேளையில், வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மருமகளுக்குத் துணையாக வந்திருந்த மூதாட்டி ஒருவர், எம் துணைவி கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்ட விதத்தைக் கண்டார். எழுந்து வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். உதிரப்போக்கு மிகுந்திருந்தது. அவர் போட்ட கூச்சலில் செவிலியரும் மருத்துவரும் ஓடிவந்தனர். உரிய மருந்து கொடுத்து உயிரைக் காத்தனர். காலையில் கதவு திறந்தபோதுதான் நடந்தது எமக்குத் தெரிந்தது.

அன்றுமுதல் அக்கதவின் வரலாற்றை அறியவேண்டும் என்னும் விருப்பம் எமக்கு உண்டாயிற்று. அதனை அங்கே வைத்தவர் யார்? எதற்காக வைத்தார்?

பண்டைக் காலத்தில் கதவு இருந்தது. ஆனால் அது வீட்டின் கதவு. சரக சங்கிதை, பேறுகாலத்துக்கென்று தனியே ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்றும், பலமுறை மகப்பெற்றவரும் அன்புடையவரும் அச்சம் போக்க வல்லவருமான மகளிர் சூலியைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மருந்துகளைப் பற்றிப் பேசும் அதே நூல், உடனிருப்போரின் குணத்தைப் பற்றியும் பேசுகிறது என்பது எண்ணத்தக்கது.

நம் சங்கப் பாடல்களுள் நற்றிணையின் 40ஆம் பாட்டு இப்பொருளுக்கு மிக நெருங்கியது. மணி ஒலிக்கும் காவலுடைய மனை. புதுமணல் பரப்பிய பந்தல். நறுமணம் கமழும் படுக்கை. பிறந்த புதல்வன் செவிலியுடன் உறங்குகிறான். ஐயவி அப்பி நெய்யாடிய தாய் கண்மூடிக் கிடக்கிறாள். அவ்வேளையில், நள்ளிரவில், கள்வனைப்போல ஒளிந்து வருகிறான் அவள் கணவன். தன் தந்தையின் பெயரைத் தாங்கப் பிறந்த மகனைக் காணவே அவன் வந்தான். பரத்தையிடம் சென்றிருந்தவன் என்பதால் அவ்வரவில் ஏளனமும் கலந்திருக்கிறது. எனினும் பேறுகால மனைக்குள் ஆடவன் இரவில் நுழைவது வழக்கத்துக்கு மாறானது என்பதும், மாறானதாயினும் அவன் மனம் அங்கே இழுக்கப்பட்டது என்பதும் அப்பாட்டால் விளங்குகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்க் கணவனுக்கும் வேப்பமரத்தடியில் இருந்த எமக்கும் வாயில் ஒன்றே என்று சொல்லலாம்.

இனி மருத்துவமனைகளின் காலத்துக்கு வருவோம். டப்ளின் நகரில் பார்த்தலோமியூ மோஸ் என்னும் மருத்துவர் 1745இல் ஏழை மகளிர்க்கென ஒரு பிரசவ விடுதியைத் தொடங்கினார். ரோட்டண்டா என்று பெயர்பெற்ற அம்மருத்துவமனை அவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய நகரங்களில் இத்தகைய விடுதிகள் பெருகின. வீட்டில் இடமில்லாத ஏழைப் பெண்களுக்கு அவை புகலிடமாயின. ஆனால் அவற்றுள் ஒரு கொடிய காய்ச்சல் பரவிற்று. பிரசவித்த சில நாள்களில் தாய்மார் கூட்டமாக மாண்டனர்.

வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் அங்கிருந்த இரண்டு பிரசவப் பிரிவுகளை ஒப்பிட்டார். மருத்துவ மாணவர் பணிபுரிந்த பிரிவில் 1846இல் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பிணப் பரிசோதனை செய்த கையைச் சரிவரத் தூய்மை செய்யாமல் மருத்துவர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று அவர் கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவும்படி விதித்தார். இறப்பு விரைவில் குறைந்தது. அவருடைய கொள்கையைப் பலர் அப்போது ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரே அது நிலைபெற்றது.

இங்கே வரலாற்றின் விந்தை ஒன்றைக் காண்கிறோம். காய்ச்சலைக் கொண்டு வந்தவை மருத்துவர் கைகள். ஆனால் தூய்மை விதிகள் வலுப்பெற்றபோது வெளியே நிறுத்தப்பட்டவருள் தாயும் தமக்கையும் கணவனும் அடங்குவர். வெளியார் எல்லாரும் கிருமி சுமப்போர் என்னும் எண்ணம் வேரூன்றியது. கதவுக்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாம் காரணம் நம் நாட்டில் உருவானது. சென்னையில் எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனை 1844இல் தோன்றியது. ஆயினும் ஆண் மருத்துவர் முன்னிலையில் வருவதற்கு மேற்குடிப் பெண்கள் பலர் உடன்படவில்லை. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் உதவி கிட்டுவதற்காக 1885இல் டஃப்ரின் சீமாட்டியின் நிதி நிறுவப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில், மேரி ஷார்லீப் என்னும் மருத்துவரின் முயற்சியால், கோஷா மகளிர்க்கென ஒரு மருத்துவமனை தொடங்கிற்று. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. கோஷா ஆஸ்பத்திரி என்றால் சென்னைவாசிகள் இன்றும் அறிவர். தில்லியில் பெண்களுக்கென்றே அமைந்த லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி 1916இல் திறக்கப்பட்டது. இதற்கிடையே 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் எழும்பூர் மருத்துவமனையில் பணியேற்றார்.

இந்நிறுவனங்களால் நாட்டுக்கு விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆடவர் நுழையாத இடம் என்று உறுதி தந்ததாலேயே பெண்கள் அங்கே வந்தனர். ஆகவே நம் நாட்டில் பிரசவ வார்டின் கதவு பெண்ணை அடைப்பதற்காக இடப்பட்டதன்று. அவள் நாணத்தைக் காப்பதற்காக இடப்பட்டது. இதனை மறந்து, கணவனை உள்ளே விடாத மருத்துவமனை இரக்கமற்றது என்று எளிதில் பழித்தல் முறையாகாது.

மேனாட்டில் கதை வேறு விதமாகச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர மருத்துவர்கள் ஸ்கோபோலமைன், மார்ஃபின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பிரசவ வலியின் நினைவே இல்லாமல் செய்யும் முறையைப் பரப்பினர். 'அந்தி உறக்கம்' என்று அதற்குப் பெயர். அமெரிக்கப் பெண்கள் பலர் அதனை விரும்பி வரவேற்றனர். ஆனால் அம்மருந்தின் மயக்கத்தில் பெண்கள் தம்மை மறந்து கதறுவர். கட்டிலிலிருந்து விழாதபடி கட்டப்படுவதும் உண்டு. அக்காட்சியைக் கணவர் காணலாகாது என்று அவர் வெளியே இருத்தப்பட்டார்.

வெளியே இருத்தப்பட்ட தந்தையர்க்கென அமெரிக்க மருத்துவமனைகளில் தனிக் காத்திருப்பு அறைகள் உண்டாயின. சிகாகோ நகரத்து வெஸ்லி நினைவு மருத்துவமனையில் அத்தகைய அறையில் குறிப்பேடுகள் வைக்கப்பட்டிருந்தன. இரவெல்லாம் விழித்திருந்த கணவர்கள் தம் அச்சத்தையும் சலிப்பையும் வேடிக்கையையும் அவற்றில் எழுதிவைத்தனர். ஜூடித் வால்சர் லேவிட் என்னும் வரலாற்றாசிரியர் அவ்வேடுகளை ஆராய்ந்து 2009இல் ஒரு நூலே எழுதினார். முன்பின் அறியாத ஆடவர் ஒருவர்க்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்ட அவ்வேடுகளின் செய்தியை அறிந்தபோது, வேப்பமரத்தடியில் எமக்குத் தேநீர் வாங்கித் தந்த சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் எம் நினைவுக்கு வந்தார். அவருடைய மனைவியும் அன்று உள்ளேயே இருந்தார்.

1957இல் அமெரிக்க மகளிர் இதழ் ஒன்றுக்கு ஒரு செவிலி, பிரசவ அறைகளில் நடக்கும் கடுமையைப் பற்றிக் கடிதம் எழுதினார். அது வெளியானபின் தாய்மாரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1958இல் அவ்விதழ் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. தனித்து விடப்பட்டோம் என்பதே அவற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த முறையீடு. பிரிட்டனில் 1956இல் இயற்கைப் பிரசவத்துக்கான சங்கம் தோன்றிற்று. 1965இல் ராபர்ட் பிராட்லி என்னும் அமெரிக்க மருத்துவர், கணவனே அருகிருந்து மனைவிக்கு ஊக்கமளிக்கும் முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மேனாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் கணவர் பிரசவ அறைக்குள் நிற்பது வழக்கமாகிவிட்டது.

இதுகாறும் கூறியது உணர்வின் வழிவந்த மாற்றம். அறிவியலின் சான்று 1980இல் கிடைத்தது. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நகர மருத்துவமனை ஒன்றில் உறவினர் எவரும் உடனிருக்க இடமில்லை. அங்கே கென்னல், கிளாஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பெண்கள் சிலர்க்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண்ணைத் துணையாக அமர்த்தினர். அப்பெண் மருத்துவம் பயின்றவள் அல்லள். கையைப் பிடித்தாள், முதுகைத் தடவினாள், பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவே. சிக்கலற்ற பிரசவங்களை ஒப்பிட்டபோது, தனித்திருந்த பெண்களுக்குப் பேறு நிகழச் சுமார் 19 மணி நேரம் ஆயிற்று. துணை பெற்றவர்க்குச் சுமார் 9 மணி நேரமே ஆயிற்று. பிற்காலத்து ஆய்வுகளில் வேறுபாடு இத்துணைப் பெரிதாக இல்லை. எனினும் 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, இடையறாத துணை உடையவர்க்கு அறுவைப் பிரசவம் குறைந்ததும், வலிநேரம் சுமார் 40 நிமிடம் சுருங்கியதும் புலப்பட்டன. அச்சம் மிகும்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் இயக்கத்தைத் தளர்த்தும். நம்பிக்கையான கை ஒன்று பற்றியிருந்தால் அவ்வச்சம் தணியும் என்று இதற்குக் காரணம் கூறுவர். அச்சம் போக்க வல்லவர் உடனிருக்கவேண்டும் என்று சரக சங்கிதை கூறியதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

நம் நாட்டில் இவ்வினா பெரிதானது அண்மைக் காலத்தில்தான். 1992–93இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு 26 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. எஞ்சியவை வீட்டில், மருத்துவச்சியோ தாயோ மாமியோ சூழ நிகழ்ந்தவை. 2005இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தது. மருத்துவமனைக்கு வரும் ஏழைத் தாய்மார்க்கு அரசு பணவுதவி அளித்தது. 2019–21 ஆய்வில் நூற்றுக்கு 89 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ அனைத்துமே அவ்வாறாயின. ஒரு லட்சம் பிரசவங்களில் இறந்த தாய்மாரின் எண்ணிக்கை 2004–06இல் 254ஆக இருந்து 2018–20இல் 97ஆகக் குறைந்தது. இக்குறைவுக்காக எத்துணை மகிழ்ந்தாலும் தகும். ஆனால் ஒரு தலைமுறைக்குள் கோடிக்கணக்கான பெண்கள் உற்றார் சூழ்ந்த வீட்டைவிட்டு அயலார் நிறைந்த வார்டுக்குள் வந்தனர் என்பதும் உண்மை. உயிருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. துணை வாயிலில் நின்றுவிட்டது.

இதனை உணர்ந்த தமிழ்நாட்டு அரசு, தன் மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக உறவுப்பெண் ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாட்டை இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே மேற்கொண்டது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடெங்கும் உள்ள அரசு மருத்துவ நிலையங்களுக்கு இதற்கான நெறிகளை வெளியிட்டது. துணையாக வருபவர் தாமும் மகப்பெற்ற பெண்ணாக இருக்கவேண்டும், தொற்றுநோய் இருத்தலாகாது, தூய ஆடை அணியவேண்டும், இறுதிவரை உடனிருக்கவேண்டும், மருத்துவர் பணியில் குறுக்கிடலாகாது. பிரசவ அறையில் மறைவுக்கு உரிய ஏற்பாடு இருப்பின் கணவரையும் துணையாக அனுமதிக்கலாம் என்று அந்நெறிகள் கூறுகின்றன. உலக சுகாதார நிறுவனமும், தாம் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டும் என்று 2018இல் பரிந்துரைத்தது.

ஆயினும் பிரசவ வேளையில் துணையிருத்தல் வேறு. பிரசவித்தபின் இரவில் தங்குதல் வேறு. உதிரப்போக்கு என்னும் பேரிடர் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நேர்கிறது. அறுவை செய்துகொண்ட தாய் எழுந்து குழந்தையை எடுக்க இயலாது. முற்காலத்தில் மேனாட்டு மருத்துவமனைகள் குழந்தைகளைத் தனிக்கூடத்தில் வைத்திருந்தன. தாய்க்கருகிலேயே குழந்தையைக் கிடத்தும் முறையை 1946இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் எடித் ஜாக்சன் என்னும் மருத்துவர் தொடங்கினார். இன்று அதுவே உலகெங்கும் ஏற்கப்பட்டது. குழந்தை தாயிடம் வந்தபின், இருவரையும் இரவில் கவனிக்க மூன்றாவது ஒருவர் தேவையாயினர்.

இதற்கு நாடுகள் கண்ட வழிகள் பல. பிரேசில் நாடு 2005இல் இயற்றிய சட்டத்தின்படி, வலி கண்டது முதல் பிரசவத்தை அடுத்த காலம்வரை தாம் விரும்பும் ஒருவரை உடன்வைத்துக்கொள்ளப் பெண்ணுக்கு உரிமை உண்டு. சுவீடனில் பெற்றோர் இருவரும் குழந்தையோடு தங்கும் குடும்ப அறைகள் அமைந்தன. பிரிட்டனில் பொது வார்டுகளிலேயே கணவர் சாய்வு நாற்காலியில் இரவு தங்கச் சில மருத்துவமனைகள் இடம் கொடுத்தன. அங்கே ஒரு வழக்கு எழுந்தது. என் கணவர் என் அருகில் இருக்கவேண்டும் என்று ஒருத்தி கேட்கிறாள். திரைச்சீலைக்கு அப்பால் முன்பின் அறியாத ஆடவர் இருக்க, நான் எவ்வாறு குழந்தைக்குப் பாலூட்டுவேன் என்று மற்றொருத்தி கேட்கிறாள். இருவர் கூற்றும் நியாயமே. நம் நாட்டுப் பொது வார்டுகளில், கட்டில்கள் நெருங்கிக் கிடக்குமிடத்தில், இரண்டாமவள் குரலுக்கு இன்னும் வலிமை மிகுதி. ஆகவே இது இடத்தைப் பற்றிய வழக்கு. சுவர் எழுப்ப இடமும் பொருளும் இருந்தால் இருவர் விருப்பத்தையும் நிறைவேற்றலாம். தனியறைக்குப் பணம் செலுத்த வல்லவர்க்கு அது இன்றே கிடைக்கிறது. பொது வார்டில் படுப்பவர்க்குக் கிடைக்கவில்லை.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது கதவுகள் மீண்டும் இறுக மூடின. நியூயார்க் நகரில் சில மருத்துவமனைகள் பிரசவத் துணைவரை அறவே தடுத்தன. எதிர்ப்பு எழவே, மார்ச்சு மாத இறுதியில் மாநில ஆணையால் அத்தடை நீங்கிற்று. பல ஆண்டுகளாக வென்ற ஒன்று சில நாள்களில் பறிபோகும் என்பதை உலகம் கண்டது.

மத்திய அரசு ஊழியர்க்கு 1997 முதல் மனைவியின் பேறுகாலத்தை ஒட்டி 15 நாள் விடுப்பு உண்டு. அவ்விடுப்பில்தான் யாமும் வேப்பமரத்தடியில் இருந்தோம். பகலில் மருந்து வாங்கவும் படிவம் நிரப்பவும் அது பயன்பட்டது. இரவுக்கு அது பயன்படவில்லை.

அயல் மாநிலத்தில் வாழும் அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் இரண்டே. முதலாவது, நிறைமாதம் வருமுன்னரே மருத்துவமனைக்குச் சென்று இரவில் யார் தங்கலாம் என்னும் விதியைக் கேட்டறியுங்கள். துணைக்கு வருபவரது வண்டி தாமதித்தால் அண்டைவீட்டுப் பெண்மணி ஒருவர் வரும்படி முன்கூட்டியே பேசிவையுங்கள். இரண்டாவது, தலைசுற்றல், உதிரப்போக்கு, மூச்சுத்திணறல், காய்ச்சல் போன்ற பத்துச் சொற்களை உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதி, அவற்றுக்கு நேரே தமிழும் எழுதித் தலையணையின்கீழ் வையுங்கள். எம் வாழ்நாளில் யாம் எத்தனையோ ஆணைகளையும் அறிக்கைகளையும் மொழிபெயர்த்திருக்கிறோம். எழுதத் தவறிய அந்த ஒரு தாளே இன்றும் எம் மனத்தை உறுத்துகிறது.

மறுநாள் பிற்பகல் மாமியார் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு அம்மூதாட்டியின் இரு கைகளையும் பற்றிக் கண்ணீர் விட்டார். அவருக்கு இந்தி தெரியாது. மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. அவர் எந்த ஊரார், என்ன பெயரினர் என்று கேட்க எமக்கும் அப்போது தோன்றவில்லை. மாலையில் தம் மருமகளை அழைத்துக்கொண்டு அவர் சென்றுவிட்டார். தாயுமானவர் கோயில் படிகளில் ஏறும்போதெல்லாம் எம் மாமியார் நினைப்பது அவரைத்தான் என்று பின்னொருநாள் எம்மிடம் கூறினார்.